எந்த மாரியாயி

கந்தப்பளையில் மாரியாயி செத்துப்போன அன்று, வட்டகொடை மலையில் அவளுடைய அக்கா ராக்காயி பொழுது சாயும்வரை தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். சேதி பாதி தெரிந்திருந்தது. மீதிப் பாதி அவளுடைய போனுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மத்தியான நிறுவைக்காகக் கூடையோடு மலையடிவாரக் கொட்டகையான கொழுந்து மடுவத்துக்கு வந்தபோதுதான் யாரோ சொன்னார்கள், கந்தப்பளையில் ஒரு மாரியாயி தவறிவிட்டாளாம் என்று. கந்தப்பளைப் பக்கம் மாரியாயிக்குப் பஞ்சமே இல்லை. ராக்காயிக்குத் தெரிந்தே நாலைந்து பேர் உண்டு. அதில் ஒருத்தி கூடப் பிறந்தவள். மலைமேல் சிக்னல் கிடையாது, மடுவத்தடியில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். ராக்காயி கை ஈரத்தைத் துடைத்துவிட்டு, போனை எடுத்து, தோட்டத்துச் சேதி வரும் ‘லயச்சேதி’யைத் திறந்தாள். வட்டம் சுற்றியது. பக்கத்தில் நின்றவர்களும் அதையேதான் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருடைய போனிலும் அதே வட்டம். தங்கை மகன் நிரோஷனுக்கு எடுத்துப் பார்த்தாள், போன் அணைந்திருந்தது. ஹட்டனில் வேலையிலிருக்கும் மகளுக்கு எடுத்தாள். மணி அடித்து ஓய்ந்தது. கங்காணி சத்தம் போட ஆரம்பித்துவிட்டார். தங்கச்சியாக இருந்தால் இவ்வளவு நேரம் கூப்பிட்டுச் சொல்லாமலா இருப்பார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு அவள் மலையேறிவிட்டாள்.

இருட்டுகிற நேரத்தில் அவள் மடுவத்துக்கு இறங்கியதும் நிரோஷனே கூப்பிட்டான். பெரியம்மா ஏன் வரவில்லை என்று கேட்டான். கந்தப்பளையில் அப்போது மண் போட்டு முடித்திருந்தார்கள்.

இதில் சொல்ல வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த ‘லயச்சேதி’யைச் செய்தவள் ராக்காயியின் மகள் கிருஷாந்தி.

ஹட்டனில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே உள்ள மாடி அறையில் உட்கார்ந்து, கூட்டாளி ஜூடோடு சேர்ந்து அவள் அதைச் செய்தாள். லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருக்கும் தோட்டத்து ஆட்கள் தங்கள் சேதியைத் தாங்களே போட்டுக்கொள்ள ஒரு தளம். சாவு, கல்யாணம், காணாமல் போன பசு, ரத்தம் தேவை, பைப்பில் தண்ணீர் வராது, மண்சரிவால் பஸ் ஓடாது, எல்லாம் அதில் வரும். ஹட்டனிலிருந்து கந்தப்பளை வரைக்கும் தோட்டம் தோட்டமாக அது பரவியது. மாடி வாடகையையும் தளம் ஓடுகிற செலவையும் ஒரு சங்கம் பார்த்துக்கொண்டது. தோட்டத்துப் பிள்ளை எங்களுக்கென்று ஒன்று செய்திருக்கிறாள் என்று ஆட்கள் பெருமையாகச் சொன்னார்கள். பெருமையோடு நின்றிருந்தால் பரவாயில்லை, நம்பவும் தொடங்கினார்கள்.

முன்பெல்லாம் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டு இளவட்டம் ஒருவன் மூலையில் உட்கார்ந்து, உறவு ஒன்று விடாமல் போன் போட்டு, இன்ன லயத்து இன்னார் தவறிட்டாங்க, இன்ன நேரத்துக்கு எடுக்கிறோம் என்று தொண்டை வற்றச் சொல்லுவான். சொல்லாமல் விட்டுப்போன ஒரு வீடு அடுத்த தலைமுறை வரைக்கும் முகம் கொடுத்துப் பேசாது. லயச்சேதி வந்த பிறகு அந்த வேலை ஒழிந்தது. ஒருதடவை போட்டால் எல்லாருக்கும் சொன்னதாக ஆகிவிட்டது. மறுநாள் மகளோடு கந்தப்பளைக்குப் போய் ராக்காயி வாசலில் நின்றபோது நிரோஷன் அதைத்தான் சொன்னான். அவன் கண் வீங்கிக் கிடந்தது.

“காலையிலேயே சைட்டுல போட்டுட்டேனே பெரியம்மா. நீங்க பாத்திருப்பீங்கன்னு கடைசி வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தோம். பொறகு எடுக்க நேரமாச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க.”

ராக்காயி உள்ளே போனாள். பெட்டி இருந்த இடத்தில் வைத்திருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்ற பெண்கள் கட்டிப்பிடித்து அழ வந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. தங்கச்சி முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவளுக்கு எதைப் பார்த்து அழுவதென்று தெரியவில்லை. திரும்பி வரும்போது நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கையில்தான் மகளிடம் வாய் திறந்தாள்.

“ஒன் சைட்டு சுத்திக்கிட்டே இருந்துச்சுடி. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அதில் கோபம் இருந்திருந்தால் கிருஷாந்தி தாங்கியிருப்பாள். அம்மா சாதாரணமாகத்தான் சொன்னாள், மழை பெய்தது என்று சொல்வதைப் போல. அன்றிலிருந்து ராக்காயி அந்தத் தளத்தைத் திறக்கவில்லை. மடுவத்தில் மற்றவர்கள் போனை எடுக்கும்போது அவள் கூடையைத் தட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாளாம். லயத்தில் அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் வீரம்மா வந்து சொன்னாள்.

கிருஷாந்திக்கு அழுது தீர்க்கிற சுபாவம் கிடையாது. அவளுக்கு ஒன்று பிடிபடவில்லை என்றால் கோபம் வரும். கோபம் வந்தால் பிடிபடும்வரை விடமாட்டாள். அந்தக் கோபத்தோடு அவள் மாடிப்படி ஏறியபோது சங்கச் செயலாளர் ஜீவராஜ் ஏற்கெனவே அங்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

ஜீவராஜ் தலவாக்கலையில் போன் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் இழுத்துப்போட்டுப் பார்க்கப் பொறுமை இல்லாதவர். துக்கம் விசாரித்தார். விசாரித்த கையோடு விஷயத்துக்கு வந்தார். நிறுவை நேரத்தில் பக்கம் திறப்பதில்லை என்று நாலு பக்கமிருந்தும் ஏச்சு வருகிறது. பெரிய மெஷின் வாங்கச் சங்கத்தில் வழி இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் சரியாகாவிட்டால் இதை மூடிவிட்டு ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கச் சொல்லப் போகிறார்கள் என்றார். அவரே ஒரு வழியும் வைத்திருந்தார். ஒவ்வொரு பதிவுக்கும் மேலே ஆள் பெயர், லயம், டிவிசன், தோட்டம் என்று ஒரு நீட்டு வால் வருகிறதே, அதை வெட்டிவிட்டால் பக்கம் லேசாகிவிடும். பெயர் மட்டும் போதும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதுதான் எரிச்சல். அந்த வால்தான் பாரம் என்று கிருஷாந்திக்கும் சந்தேகம். ஆனால் அது இல்லாமல் மலையகத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது. கோயிலில் திருவிழாவுக்கு நன்கொடை வாசித்தாலும் லயம் சொல்லித்தான் வாசிப்பார்கள்.

“பேர் மட்டும் போட்டா எந்த மாரியாயின்னு தெரியாதுண்ணே,” என்றாள். “தெரியாம யாருக்குப் போய் அழுவாங்க? மடுவத்துல எங்கம்மாவுக்குத் தெரிஞ்சது பேர் மட்டுந்தான்.”

ஜீவராஜ் கோப்பையைக் கையில் எடுத்தார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, பாரு தங்கச்சி என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஜூட் பொகவந்தலாவைப் பக்கத்துப் பையன். கைவேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். அவன் சுலபமான வழி ஒன்று சொன்னான். ஒருதடவை தயாரித்த பக்கத்தை அப்படியே எடுத்துவைத்து, கொஞ்ச நேரத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதையே காட்டலாம். கேஷ் என்று அதற்குப் பெயர், சமைத்ததைச் சூடாக்கிப் பரிமாறுகிற வேலை. கிருஷாந்தி ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது போட்ட சாவுச் சேதி பழைய பக்கத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் என்ன செய்வது? அதோடு, நோய் என்னவென்று தெரியாமல் போர்வை போர்த்துகிற வேலை அவளுக்குப் பிடிக்காது.

“மொதல்ல அது என்னா செய்யுதுன்னு பாப்போம். பொறகு ஒன் கேஷைப் பத்திப் பேசலாம்,” என்றாள்.

பக்கம் ஒன்றைத் திறக்கும்போது அவள் எழுதிய நிரல், விவரமெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் தரவுத்தளத்திடம் என்னென்ன கேட்கிறது என்பதை வரிவரியாகத் திரையில் காட்டும் ஒரு வசதி உண்டு. தளம் தொடங்கிய காலத்தில் அவள் அதைப் போட்டுப் பார்த்ததே இல்லை. பத்துப் பதிவு, இருபது ஆள், கண் மூடித் திறப்பதற்குள் பக்கம் வந்து நிற்கும். பார்க்கத் தேவை என்ன இருந்தது? இப்போது போட்டாள். ஐந்தாறு வரி வரும் என்று நினைத்தவளுக்கு முன்னால் திரை ஓடத் தொடங்கியது. ஓடியது, ஓடியது, நிற்கவே இல்லை. பக்கத்தில் எட்டிப்பார்த்த ஜூட் வாயில் போட்ட மாரி பிஸ்கட்டை மெல்லாமல் நின்றான்.

முதல் கேள்வியில் பழுது இல்லை. புதிய பதிவுகள் முப்பதைக் கொடு என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் கூத்து. முதல் பதிவை எடுத்து, இதைப் போட்டவர் யார் என்று கேட்கிறது. பதில் வந்ததும் அவர் எந்த லயம் என்று கேட்கிறது. பிறகு அந்த லயம் எந்த டிவிசன், அந்த டிவிசன் எந்தத் தோட்டம், இதற்கு எத்தனை பேர் அனுதாபம் எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது பதிவுக்கு மறுபடி அத்தனையும். போட்டவர் அதே ஆளாக இருந்தாலும், லயம் அதே லயமாக இருந்தாலும், இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுவதுபோல் மறுபடி கேட்கிறது. இப்படி முப்பது பதிவுக்கும். உப்பு வாங்கக் கடைக்குப் போய் வந்து, பருப்புக்கு மறுபடி போய், மிளகாய்க்கு இன்னொருதடவை போகிற பிள்ளையை வீட்டில் என்ன சொல்லுவார்கள்? அந்தப் பிள்ளையைப் பெற்றவள் கிருஷாந்திதான்.

அவளுடைய கணினியில் நிரலும் தரவுத்தளமும் ஒரே பெட்டிக்குள் இருந்தன; கேட்டதும் பதில், நேரமே ஆகாது. ஆனால் ஊருக்கு ஓடுகிற தளத்தில் தரவுத்தளம் கடல் தாண்டி வேறோர் இயந்திரத்தில் இருந்தது. ஒவ்வொரு கேள்வியும் போய்வர வேண்டும். ஒரு ஆள் திறந்தால் எப்படியோ சமாளிக்கும். மத்தியான நிறுவையில் அத்தனை தோட்டத்து மடுவத்திலும் ஒரே நேரத்தில் அத்தனை பேர் திறந்தால், ஒவ்வொருவருக்காகவும் இருநூறு கேள்வி வரிசையில் நிற்கும். வேறெந்த ஊரிலும் ஆட்கள் நினைத்த நேரத்தில் போனைப் பார்ப்பார்கள். தோட்டத்தில் நிறுவை மணி அடித்தால்தான் பார்ப்பார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த யோசனை வராமல் போயிற்றே என்று கிருஷாந்தி தன்னைத் தானே நல்ல வார்த்தை நாலு திட்டிக்கொண்டாள்.

ஓடிய வரிகளை நிறுத்தி மேலிருந்து படித்துக்கொண்டு வந்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பார்ப்பவருடைய சொந்தத் தோட்டத்துச் சேதியாக இருந்தால் ஓரத்தில் ஒரு சிறிய தேயிலைத் தளிர் தெரியும்படி அவள் செய்திருந்தாள். அழகுக்குச் செய்தது. அதற்காக நிரல், ஒவ்வொரு பதிவிலும் நின்று, இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர் யார், எந்தத் தோட்டம் என்று விசாரித்தது. அவள் சோதனைக்காக அம்மாவின் கணக்கில்தான் நுழைந்திருந்தாள். வரிக்கு வரி ராக்காயியின் எண் வந்துகொண்டே இருந்தது.

கிருஷாந்தி அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாள்.

“எங்கம்மாகிட்டயே முப்பது தடவ நீ யாரு, நீ யாருன்னு கேட்டிருக்கு ஜூட்,” என்றாள். “சித்தி செத்ததச் சொல்லாம.”

எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்கிறவன் ஜூட். பிஸ்கட் பாக்கெட்டை அவள் பக்கம் தள்ளிவைத்துவிட்டுத் தன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

வேலை தொடங்கியது. அதைச் சொல்லுவது லேசு. முதலில் பதிவுகளை வாங்கு. அவற்றைப் போட்ட ஆட்களின் எண்களையெல்லாம் திரட்டு, திரும்பத் திரும்ப வருவதை நீக்கு, இவர்கள் எல்லாரும் யார் என்று ஒரே கேள்வியாகக் கேள். வந்தவர்களின் லயங்களைத் திரட்டி ஒரே கேள்வி. டிவிசனுக்கு ஒன்று, தோட்டத்துக்கு ஒன்று. எந்தப் பதிவுக்கு எத்தனை அனுதாபம் என்பதை மொத்தமாக எண்ணித் தரச்சொல்லி ஒன்று. பார்ப்பவர் யார் என்பதை வாசலிலேயே ஒருதடவை கேட்டு வைத்துக்கொள். பிறகு எல்லாவற்றையும் கைக்குள் வைத்துக்கொண்டு அந்தந்தப் பதிவோடு பொருத்து. பதிவு முப்பது இருந்தாலும் முன்னூறு இருந்தாலும் கேள்வி ஒரு கைக்கும் இன்னும் கொஞ்சத்துக்கும் அடங்கிவிடும்.

செய்வதுதான் லேசாக இல்லை. ஒரு மூலையில் கேள்வியை அடைத்தால் இன்னொரு மூலையில் பொத்துக்கொண்டு வந்தது. பெயரை அச்சிடுகிற இடத்தில் அவளுக்குத் தெரியாமல் ஒரு கேள்வி ஒளிந்திருக்கும். படத்தைக் காட்டுகிற இடத்தில் இன்னொன்று. எழுதியவளும் அவள்தான், ஒளித்தவளும் அவள்தான். காலை பஸ்ஸில் வரும்போதே எந்த மூலையில் கை வைப்பது என்று தீர்மானித்துக்கொண்டு வருவாள்; சாயந்திர பஸ்ஸில் மீதியை நினைத்துக்கொண்டு போவாள். வீட்டில் அம்மா சோறு போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பாள். வேலை எப்படிப் போகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே கிருஷாந்தியைக் குத்தித் தள்ளியது. இந்தப் பக்கம் திறக்கும், அம்மா கையில் திறக்கும், அதற்கு முன்னால் வேறு பேச்சு இல்லை என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஒருநாள் மத்தியானம் எல்லாம் சேர்ந்துவந்தது. சோதனைத் தளத்தில் பக்கத்தைத் திறந்தாள். வட்டம் சுற்றக்கூட நேரமில்லை. பட்டென்று வந்து நின்றது. ஓடிய வரிகளைப் பார்த்தால் ஏழோ எட்டோ. ஜூட் மேசையைத் தட்டினான். கீழே செருப்புக் கடைக்காரர் என்ன சத்தம் என்று கேட்டார். இன்றைக்கே ஏற்றிவிடலாம், சாயந்திர நிறுவைக்கு ஆட்கள் பார்க்கட்டும் என்று ஜூட் பறந்தான். ஜீவராஜுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

கிருஷாந்தி பக்கத்தைக் கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டு போனாள். சித்தியின் சேதி வந்தது. நிரோஷன் போட்டிருந்த படத்தில் சித்தி, யாரோ வீட்டுக் கல்யாணத்தில் எடுத்தது, வெற்றிலை போட்ட வாயோடு சிரித்தாள். மேலே வால் வந்திருந்தது. ஏழாம் லயம், மேல் டிவிசன், வட்டகொடை.

அவள் தள்ளுவதை நிறுத்தினாள். அது அவர்களுடைய லயம். அவளும் அம்மாவும் குடியிருக்கும் லயம். கந்தப்பளையில் செத்த சித்தியைத் தளம் அவர்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து கிடத்தியிருந்தது.

மேலே போய்ப் பார்த்தாள். பட்டிப்பொலையில் பசு காணாமல் போனவரும் வட்டகொடைக்காரராகியிருந்தார். கொட்டகலையில் பெண் கேட்டவரும் அப்படியே. வட்டகொடைக்கு வந்து சேர்ந்த அத்தனை பேரும் அவரவர் ஊரில் ஏழாம் லயத்துக்காரர்கள். கொஞ்ச நேரத்தில் விஷயம் விளங்கியது. ஒரேயடியாக வாங்கிவந்த லயங்களை அவள் லய நம்பரை வைத்து அடுக்கியிருந்தாள். தரவுத்தளத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் தனி அடையாள எண் இருக்கும்போது, வாய்க்குப் பழகிய ஏழாம் லயத்தை எடுத்துக்கொண்டுவிட்டாள். லயத்தில் வளர்ந்தவளுக்கு ஏழாம் லயம் என்றால் ஒன்றுதான். சின்ன வயதில் எங்கே இருக்கிறாய் என்று யார் கேட்டாலும் ஏழாம் லயம் என்று சொல்லிவிட்டு ஓடியவள். ஆனால் மலை முழுக்க டிவிசனுக்கு ஒரு ஏழாம் லயம் இருந்தது. கடைசியாக வந்து உட்கார்ந்தது அவர்களுடையது. மற்றதெல்லாம் அதன் அடியில் போய்விட்டது. கொழும்பில் பிறந்த யாராவது இதை எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

ஜூட்டும் பார்த்துவிட்டான். இதை ஏற்றியிருந்தால் சாயந்திரம் எந்தெந்த வீட்டில் யார் யாருக்காக மார் அடித்துக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று இரண்டு பேரும் சொல்லாமலே நினைத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜீவராஜ் கூப்பிட்டார். எப்போது ஏற்றுகிறீர்கள், கடையில் நாலு பேரைக் கூட்டி வைத்திருக்கிறேன் என்றார்.

“இன்னைக்கு இல்லண்ணே,” என்றாள் கிருஷாந்தி. “வேகமா பொய் சொல்லுது. உண்மை சொல்ற வரைக்கும் ஏத்தமாட்டேன்.”

அவர் முணுமுணுத்தார். கூட்டம் நெருங்குகிறது என்று ஞாபகப்படுத்தினார். அவள் ஞாபகம் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

பிழையைத் திருத்துவது ஒரு வரி வேலை. அதை முதல் மூச்சிலேயே செய்துவிட்டாள். ஆனால் அத்தோடு எழுந்திருக்கவில்லை. ஒரே பெயர், ஒரே லய நம்பர், வேறு வேறு தோட்டம் என்று வேண்டுமென்றே குழப்பமான ஆட்களை உண்டாக்கி, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில்தான் இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் சோதனை ஒன்றை எழுதினாள். பதிவு கூடும்போது கேள்வியும் கூடினால் உடனே சிவப்புக் காட்டும் சோதனை இன்னொன்று. இனிமேல் அவளோ ஜூட்டோ அசதியில் எந்த மூலையில் என்ன ஒளித்து வைத்தாலும் அது தளத்தில் ஏறாது. ஜூட் முதலில் அலுத்துக்கொண்டான். பிறகு தானே உட்கார்ந்து மாரியாயிகளாக உண்டாக்கித் தள்ளினான். சோதனைத் தோட்டம் முழுக்க மாரியாயிகள். அத்தனை பேரும் அவரவர் லயத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் கிருஷாந்தி சம்மதித்தாள்.

புதிதை ஏற்றிய மறுநாள் மத்தியானம், நிறுவை நேரம் நெருங்க நெருங்க இருவரும் திரையை விட்டு அசையவில்லை. மணி அடித்திருக்க வேண்டும்; ஆட்கள் குவிந்தார்கள். வழக்கமாக இந்த இடத்தில்தான் தளம் மூச்சுத் திணறும். அன்று திணறவில்லை. வந்தவர்கள் வந்த வேகத்தில் படித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். தலவாக்கலையிலிருந்து ஜீவராஜ் கூப்பிட்டு, திறக்கிறது, வாலோடு திறக்கிறது என்று இரண்டு தடவை சொன்னார். கூட்டத்தில் மூடுகிற பேச்சை எடுக்கமாட்டேன், எவனாவது எடுத்தால் என் போனைக் காட்டுவேன் என்றார். ஜூட் வடை வாங்கி வரக் கீழே ஓடினான்.

கிருஷாந்திக்கு வடை இறங்கவில்லை. வந்தவர்களில் அம்மா இல்லை என்பது அவளுக்குத் திரையைப் பார்க்காமலே தெரியும்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் சாயந்திரம் அவள் வீட்டுக்கு வந்தபோது அடுத்த காம்பரா பூட்டியிருந்தது. வீரம்மா எங்கே என்று கேட்டாள். ராக்காயி அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். வீரம்மாவின் அண்ணன் பட்டிப்பொலையில் காலையில் தவறிவிட்டார். மத்தியான நிறுவையில் வீரம்மா போனைத் திறந்தாள். திறந்த உடனே சேதி வந்தது, எந்தத் தோட்டம் எந்த லயம் என்று எல்லாமே வந்தது. கொழுந்தைக்கூட நிறுக்கவில்லை, கூடையை அப்படியே ராக்காயியிடம் தள்ளிவிட்டுப் பகல் ரயிலுக்கு ஓடினாள். எடுப்பதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று சாயந்திர நிறுவையில் போன் வந்தது.

“அவ மொகத்தப் பாத்துட்டா,” என்றாள் ராக்காயி.

ரொட்டியைப் புரட்டினாள். புரட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டுக்குப் பின்னால் இருந்த தன் போனை எடுத்தாள். மகளிடம் நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, தானே வாங்கிக்கொண்டு தானே திறந்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சிக்னல் இல்லாத காம்பராவில் திறக்காமல் போய்விடுமோ என்று பயந்துபோய், கதவருகே தள்ளி உட்காரச் சொன்னாள். கதவருகே சிக்னல் ஒரு கோடு வந்தது. பக்கம் திறந்தது.

ராக்காயி விரலால் கீழே தள்ளித் தள்ளித் தங்கையைத் தேடினாள். படம் வந்ததும் நிறுத்தினாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், மெதுவாகத்தான் படித்தாள். மாரியாயி. ஏழாம் லயம், கீழ் டிவிசன், கந்தப்பளை. அதற்குக் கீழே நிரோஷன் எழுதியிருந்ததற்கு வந்தாள். வட்டகொடை மேல் டிவிசன் ஏழாம் லயத்து ராக்காயியின் அன்புத் தங்கை. பெரியம்மா வந்த பிறகு சாயந்திரம் எடுக்கப்படும்.

கிருஷாந்தி அந்த வரியை வேலை செய்த நாளெல்லாம் பார்த்தவள். பார்த்துப் பார்த்தே அதைப் படிக்காமல் விட்டவள்.

“எனக்காக வச்சிருந்திருக்காங்கடி,” என்றாள் ராக்காயி. “எம் பேரையும் போட்டு, எனக்காக வச்சிருந்திருக்காங்க.”

போனை மடியில் போட்டாள். இத்தனை நாள் வராதது அப்போது வந்தது. தங்கச்சி பெயரைச் சொல்லி, வாய்விட்டு, லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதாள். ஒவ்வொரு காம்பராவாகக் கதவு திறந்தது. என்ன ஏதென்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் வந்து அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கிருஷாந்தி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். கல்லில் ரொட்டி கருகிக்கொண்டிருந்தது. யாரோ எழுந்துபோய் அடுப்பை அணைத்தார்கள்.